சாம்பல் படியாத இடம்

உத்திரமேரூர் ஏரிக்கு அப்பால் நகரத்துக் குப்பையை எரிக்கும் ஆலை வந்ததிலிருந்து, ஏகாம்பரத்தின் வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாக இரவெல்லாம் சாம்பல் இறங்கியது. காலையில் அவரும் மனைவி பூங்காவனமும் பாய்களைச் சுருட்டினால், பாய் கிடந்த இடம் மட்டும் சுத்தமாகத் தெரியும்.

வீட்டில் வேறு யாரும் கிடையாது. ஆனால் ஒருநாள் சுவரோரம் மூன்றாவதாக ஓர் ஆள் படுத்து எழுந்த தடம் இருந்தது. தலை, தோள், நீட்டிய கால் எல்லாம் தெரிந்தன. பூங்காவனம் பெருக்கித் தள்ளினாள். மறுநாள் அந்தத் தடம் அவள் பாயை ஒட்டி இருந்தது.

அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு, கூரத்தில் இருக்கும் ஏகாம்பரத்தின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். அங்கே புகை இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஏகாம்பரம் இருமாமல் தூங்கினார். விடிந்து பார்த்தபோது பூங்காவனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமே, தூங்கலியா?"

"இங்க தரை சுத்தமா கீதுய்யா. அது எங்க படுத்துக்கினு கீதுன்னே தெரியல. வா, நம்ம வூட்டுக்கே பூடலாம்."

ஏகாம்பரம் எழுந்து சட்டையை மாட்டினார்.

அன்றிரவு இருவரும் தங்கள் வீட்டில் பாயை விரித்துப் படுத்து, சாம்பல் விழுவதற்காகக் காத்திருந்தார்கள்.