முப்பத்திரண்டாவது இலை

கோவிந்தாபுரத்து ஆறுச்சாமி, தீர்ப்பு வந்த நாளில் வருஷம் தவறாமல் வீட்டுக்குள் முப்பத்தொரு வாழையிலை போடுவார். போர்க்காலத்தில் சயாம் ரயில் பாதையில் தன்னோடு வேலைசெய்த கூலிகளை அடித்தே கொன்ற ஜப்பானிய ராணுவ அதிகாரியை நாற்பத்தேழில் போர்க்குற்ற நீதிமன்றம் விசாரித்தபோது, கூண்டில் ஏறி, செத்தவர்களின் பெயரை ஊரோடு ஒப்பித்தவர் அவர்தான். அதிகாரி தப்பவில்லை.

உச்சிப் பொழுதில் சோறு படைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். திறக்கும்போது இலைகள் காலியாக இருக்கும். இருபத்தாறு வருஷத்தில் அது பழகிவிட்டது. ஆனால் ஓர் இலைகூட மடிந்திருக்காது. உண்டவர்களுக்கு என்ன மனக்குறையோ என்று ஆறுச்சாமி மருகுவார்.

இந்த வருஷம் மனைவி மயிலாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க, செத்தது முப்பத்திரண்டு பேருன்னுதானுங்க சொல்லுவீங்க?"

"ஒருத்தம் பேரு எனக்குத் தெரியாது புள்ள. பேரில்லாதவனச் சேத்துக்க முடியாதுன்னு கோர்ட்டுல சொல்லிப்போட்டாங்க."

"சோறு போடறதுக்குப் பேரு எதுக்குங்க? பந்தியில ஒருத்தன் பசியோட நிக்கறப்ப, மத்தவங்க எப்படீங்க எலைய மடிப்பாங்க?"

வரிசையின் கடைசியில் அவளே இன்னோர் இலையைப் போட்டுப் பரிமாறினாள். கதவைச் சாத்தினார்கள்.

திறந்தபோது முப்பத்திரண்டு இலைகளும், வயிறும் மனசும் நிறைந்தவர்கள் மடிப்பதுபோல, தம் பக்கமாக மடிந்திருந்தன. ஆறுச்சாமி கைகூப்பினார். கடைசி இலையின் முதுகில் நான்கு விரல்களின் ஈரம் இன்னும் காயவில்லை.