மிச்சமிருந்த ராகம்

பணி ஓய்வு பெற்ற கையோடு நானும் நண்பன் உலகநாதனும் ஓர் இசைப் பத்திரிகை தொடங்கப் புறப்பட்டோம். பூமியில் இதுவரை பத்திரிகையே வந்ததில்லை என்பதுபோல் துள்ளினோம். பதிவு விண்ணப்பத்தில் விருப்ப வரிசைப்படி ஐந்து பெயர்கள் கேட்டிருந்தார்கள். ஐந்தையும் ராகப் பெயர்களாகவே எழுதினோம், முதலில் மோகனம். மறுநாள் காலை என் மனைவி சங்கரவடிவு சாதகத்துக்கு உட்கார்ந்தாள். ஐம்பது வருடமாகப் பாடிய மோகனம் வரவில்லை, வெறும் காற்று வந்தது. மற்ற நான்கும் அப்படித்தான். “வயசாயிட்டுல்லா” என்று சிரித்தாள்.

அந்தப் பெயர்களை ஏற்கெனவே யாரோ வாங்கிவிட்டார்கள், வேறு அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அனுப்பினோம். அந்த ஐந்தும் அவளை விட்டுப் போயின. எட்டு மாதத்தில் நாங்கள் நிரப்பிய விண்ணப்பங்களை விரித்தால் தாமிரபரணியையே மூடிவிடலாம். ராகமில்லாத பெயராக வைப்போம் என்று கெஞ்சினேன். “உப்பில்லாத பண்டத்துக்கு இலை எதுக்குவே?” என்றான் உலகநாதன். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆயிரம் ராகம் வைத்திருந்தவளிடம் இன்று நீலாம்பரி மட்டும் மிச்சம். மத்தியானம் அடுக்களையில் அதைப் பாடிக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கூடத்தில் உலகநாதன் புது விண்ணப்பத்தை என் முன் தள்ளினான்.

“நீலாம்பரி. இது கண்டிப்பா கிடைக்கும். எழுதும்வே.”

“அவகிட்ட இருக்கது இது ஒண்ணுதான்வே.”

“நம்மகிட்டயும் பத்திரிகை ஒண்ணுதான்.”

அட்டையில் அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் ஒருமுறை பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

அடுக்களையில் பாட்டு நின்றது. பேனாவின் மூடியை நான் இன்னும் திறந்திருக்கவில்லை.