டோலியில் எதிர்க்கட்சி

“டோலி வேணும்” என்றார் எதிர்க்கட்சி எம்.பி. சேனாதிபதி.

மலையூரில் மூங்கில் டோலியைத் தோளில் சுமக்கிற நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். போன எலெக்‌ஷனில் பழனி அடிவாரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “மனிதனை மனிதன் சுமப்பது, பெரியோர்களே, மானக்கேடு” என்று கரகரத்தவர் இவர்தான். அந்தக் கரகரப்பை நான் அப்படியே பேசிக் காட்டினால் ஊரே சிரிக்கும்.

“வந்த மட்டக்குதிரையிலயே கொடைக்கானலுக்குத் திரும்பிரலாமுங்களே” என்றான் கந்தவேல்.

“இல்லப்பா. பாலசமுத்திரத்துக்கு இறங்கணும். கார் அங்க நிக்குது.”

“அப்ப நாற்காலி டோலி கட்டிருவோம். துரைமாருக்குக் கட்டுனது கெடக்கு.”

“வேண்டாம். படுக்கிற டோலி.”

நல்லசாமி என் காதைக் கடித்தான். “தூங்கிக்கிட்டே போவாராம்லே. தொப்பையப் பாரு, எட்டு மாசம்.”

கந்தவேல் சிரிக்கவில்லை. அவன் பெண்சாதி வடிவுக்கு நிஜமாகவே எட்டு மாசம். போன மழையில் அவன் தங்கச்சி பொன்னுத்தாயைப் பிரசவ வலியோடு இதே பாதையில்தான் தூக்கிப் போனோம். கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. மலை மேலேயே ஒரு பிரசவ விடுதி வேண்டுமென்று அதற்கப்புறம் அவன் ஏறாத ஆபீஸ் இல்லை. இந்த எம்.பி.யும் டெல்லி பார்லிமெண்டில் அதைத்தான் கேட்கிறார் என்று பேப்பரில் வந்திருந்தது. காலையில் வந்ததும் வராததுமாக வடிவிடம் போய் ஏதேதோ விசாரித்தார்.

“உம் பெண்டாட்டிகிட்ட என்னடா கேட்டாரு?” என்றேன் கந்தவேலிடம்.

“தெரியலண்ணே.”

“ஓட்டுத்தான். வயித்துல இருக்கறதுக்கும் சேத்துக் கேட்டிருப்பாரு” என்றான் நல்லசாமி. “ஏலே, நல்லாக் குலுக்குங்க. தானா எறங்கி நடப்பாரு.”

டோலி தூக்குவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவன் “கல்லு” என்பான். பின்னால் வருகிறவன் “கல்லு” என்று வாங்கிக்கொள்வான். வேரு, பள்ளம், வழுக்கு எல்லாம் அப்படித்தான். படுத்திருக்கிற ஆளும் அதைக் கேட்டு உடம்பைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு முன்னால் போனவன் நல்லசாமி. வாயையே திறக்கவில்லை.

முதல் வேரிலேயே டோலி எகிறியது. உள்ளே மூங்கிலில் தலை இடிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த பள்ளத்தில் காலையில் தின்ற இட்லி வெளியே வந்தது.

நான் பின்னாலிருந்து அவர் குரலிலேயே எடுத்துவிட்டேன். “மனிதனை மனிதன் சுமப்பது, பெரியோர்களே, மானக்கேடு.”



“செங்குத்தா கெடக்குங்கய்யா. கொஞ்சம் எறங்கி நடக்கறீகளா?” என்றான் நல்லசாமி, தேன் ஒழுக.

“இறங்க மாட்டேன்.”

“கால்ல ஏதும் கோளாறுங்களா?”

“அதெல்லாம் இல்ல. தூக்குங்கப்பா.”

பாறை வளைவு வந்ததும் கந்தவேல் நடையைக் குறைத்தான். “இங்க மட்டும் குலுக்காதீகண்ணே.”

“இங்கதானாப்பா உன் தங்கச்சி?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கந்தவேல் மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தான். இவருக்கு இதெல்லாம் எதற்கு?

பாலசமுத்திரத்து மாந்தோப்பில் இறக்கினோம். நெற்றி புடைத்து, ஜிப்பாவெல்லாம் நாறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டிரைவர் பதறி ஓடிவந்தான்.

நல்லசாமி விடவில்லை. “ஏங்கய்யா, டெல்லியில சமத்துவம் பேசிட்டு இங்க எங்க தோள்ல சவாரி பண்றீகளே, இது நியாயமுங்களா?”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “மலை மேல பிரசவ விடுதி வேணும்னு சபையில கேட்டேன். மந்திரி என்ன சொன்னார் தெரியுமா?” என்றவர், மூக்கால் பேசிக் காட்டினார். என்னைவிட நன்றாகவே செய்தார். “‘மலைப் பெண்கள் டோலியில் சௌகரியமாக இறங்கி வருகிறார்கள். மாண்புமிகு உறுப்பினர் டோலியில் போனதுண்டா?’ சபையே சிரிச்சுது. அடுத்த வாரம் நான் எழுந்து, போனேன்னு சொல்லணும். நடுவுல இறங்கி நடந்திருந்தா சொல்ல முடியுமா? வலி கண்டவ இறங்கி நடப்பாளா?”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே” என்றான் நல்லசாமி, சுரத்தில்லாமல்.

“சொன்னா, மந்திரிகிட்டக் காட்டட்டும்னு எனக்காகக் கூடுதலாக் குலுக்குவீங்கன்னு நினைச்சேன்.”

கந்தவேல் அவர் நெற்றியையே பார்த்தான். “இந்தக் காயத்தக் காட்டுங்கய்யா. இது போதும். விடுதி வந்துரும்.”

“இதக் காட்ட முடியாதுப்பா.”

“ஏனுங்க?”

“கல்லு, வேருன்னு சொல்லிக்கிட்டே தூக்குவீங்கன்னு காலையில வடிவு சொல்லுச்சு. வழியெல்லாம் காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தேன். ஒரு வார்த்தை வரல. இதுல பாதி பாதையோட குலுக்கல், பாதி உங்களோடது. எல்லாத்தையும் பாதை தலையில கட்டினா அது பொய். அதை எவனாவது கண்டுபிடிச்சான்னா, விடுதிப் பேச்சே முடிஞ்சிரும்.”

எங்களில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“இப்ப என்னங்கய்யா செய்ய?” என்றான் கந்தவேல்.

“வடிவைத் தூக்குற மாதிரி ஒரு தடவை தூக்குங்க. மலை உச்சியிலிருந்து.”

“அப்ப மேலயும் தூக்கணுமுங்களா?” நல்லசாமி குரல் உள்ளே போய்விட்டது.

“ஏறுறதுக்கு எதுக்குப்பா டோலி?”

தாங்கிப் பிடித்த டிரைவரின் கையை உதறிவிட்டு அவர் ஏற ஆரம்பித்தார். காலி டோலியோடு நாங்கள் பின்னால் போனோம். முதல் மேட்டிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

அப்புறம் நல்லசாமி தொண்டையைக் கனைத்தான்.

“கல்லு வருதுங்கய்யா.”