பொந்துக்குள் ஒரு கை

லைப்சிக் நகரப் பூங்காவில் சாயங்காலம் ஐந்து மணிக்கே கும்மிருட்டு. புதருக்குப் பின்னால் உவே தன் அக்கா புருஷன் டெட்லெஃபுடன் பனியில் குந்தியிருந்தான்.

முந்தாநாள் திருடிய வைர மோதிரத்தை எதிரே இருந்த மரப்பொந்தில்தான் ஒளித்திருந்தான். உள்ளே தோதாக ஒரு டப்பா கிடந்தது. அவசரத்தில் அதற்குள் போட்டு மூடினான்.

இப்போது ஆள் மாற்றி ஆள் வந்து அந்தப் பொந்துக்குள் கையை விடுகிறார்கள்!

"மச்சான், அந்தக் கிழவியப் பாரு. போனப் பாத்துக்கிட்டே வந்தா, அந்த வெளிச்சத்துல என்னமோ எழுதினா, திரும்ப வச்சுட்டுப் போறா."

"போலீஸுடா!" டெட்லெஃப் அவன் கையைப் பிடித்து இழுத்தான். "எடுக்காம விட்டுட்டுப் போறாங்கன்னா, எடுக்க வர்றவனப் புடிக்கத்தான். வா, ஓடிடலாம்."

அடுத்து வந்தவன் இவர்கள் பக்கம் பார்த்ததும் சட்டென்று குனிந்து, ஷூ லேஸ் கட்டுவதுபோல் நடித்தான். உவேவுக்கு உயிரே போய்விட்டது.

அவனும் போனதும் உவே பாய்ந்து டப்பாவைத் தூக்கிவந்தான். போன் வெளிச்சத்தில் திறந்தால் ஒரு நோட்டு. பக்கம் பக்கமாகப் பெயர், தேதி, நேரம்.

"உளவாளிங்க பட்டியல்! செத்தோம்டா!" என்றான் டெட்லெஃப்.

உவே முதல் பக்கத்தைப் புரட்டினான்.

'வாழ்த்துகள்! போன் வரைபடம் பார்த்துத் தேடும் புதையல் வேட்டை விளையாட்டின் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பெயர் எழுதி, யார் கண்ணிலும் படாமல் திரும்ப வையுங்கள். ஒரு பொருளை எடுத்தால், பதிலுக்கு ஒன்றை வையுங்கள்.'

"அட, விளையாட்டா!" இருவருக்கும் மூச்சு வந்தது. சிரித்துக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்தார்கள்.

ஒரு பச்சை பிளாஸ்டிக் தவளை விழுந்தது. வேறெதுவும் விழவில்லை.

நோட்டில் நேற்றைய தேதியில், கலர் பென்சிலில் எழுதியிருந்தது:

'மோதிரம் அழகா இருந்துச்சு. நான் திருடலை. பதிலுக்கு என் தவளையை வச்சிருக்கேன். மெரீக்கே, ஆறு வயசு.'