பொன்ராஜ் குரலுக்குக் கீழே

"இன்னும் கொஞ்சம் கொறைங்கண்ணே. இம்புட்டுச் சத்தம் வச்சா பொன்ராஜ் கொரல அமுக்கிரும்."

மைக் செட் கடைக்காரர் பொன்னழகு ஆம்பிளிஃபயரின் குமிழைத் திருப்பினார். மடியில் பேஸ் கிட்டாரை வைத்திருந்த சோலைமுத்து, தடித்த கம்பியைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்துவிட்டான். தரையில் அடுக்கியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் லேசாக அதிர்ந்தன.

"பொன்ராஜ் யாரு தம்பி?"

"எங்க கச்சேரி செட்டுப் பாட்டுக்காரன். சின்னாளப்பட்டியில எங்க தெருதான். தறிக்காரன். மெலிசான கொரலு. மேல போகையில செத்த நடுங்கும். அந்த எடத்துல கீழ ஒருத்தன் தாங்கிப் பிடிக்கணும். அதுக்குத்தான் இது."

கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் பேண்டில் வாசித்தவர், ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன கிட்டார் அது. நாலே கம்பி. திண்டுக்கல்லில் அதைக் கேட்டு வருவார் யாருமில்லை. வந்த நாளிலிருந்து சுவரில்தான் தொங்கியது.

"கம்பியெல்லாம் பழசு தம்பி. புதுசு வேணும்னா மெட்ராசுலருந்துதான் வரணும்."

"பழசே இருக்கட்டும்ணே. புதுக்கம்பி கிணுகிணுன்னு கேக்கும். ஆவுடையப்பன் அக்கார்டியனோட போயி மோதும். அவனுக்கு ஒடனே கோவம் வந்துரும்."

பொன்னழகு சிரித்தார்.

சோலைமுத்து கைக்குட்டையை மடித்து, கம்பிகள் முடிகிற இடத்தில் அடியில் செருகினான். மறுபடி தட்டினான். 'தொம்' என்று எழுந்த நாதம் உடனே அடங்கிவிட்டது.

"ஏன்யா, நல்லா இழுத்துக்கிட்டு நின்ன சத்தத்தக் கொன்னுட்டியே?"

"எடம் விடணும்ணே. மொக்கைச்சாமி பாங்கோஸ் அடிக்கையில வெரலு அம்புட்டு வேகம். நான் இழுத்துக்கிட்டே கெடந்தா, 'ஏலே, எனக்கும் எடங்குடுடா'ன்னு மேடையிலயே கத்துவான். சனங்க எங்க பாட்ட விட்டுட்டு அவனப் பாத்துச் சிரிக்கும்."

"இம்புட்டு வெவரம் தெரிஞ்சவன், இத்தன நாளா எதுல வாசிச்ச?"

"ஒண்ணு இருந்துச்சுண்ணே. கச்சேரிச் சாமானோட போனது, ஒடஞ்சு போச்சு."

அதன்பிறகும் சோலைமுத்து விடவில்லை. கீச்சென்று கேட்கும் ட்ரெபிளைக் குறைக்கச் சொன்னான். பிறகு அடிச்சத்தம் கூடிப்போயிற்று என்றான். கண்ணை மூடிக்கொண்டு, எதிரே யாரோ பாடுவதுபோலத் தலையை அசைத்து வாசித்துப் பார்த்தான். டீ வந்து ஆறிப்போனது. வேறொருவனாக இருந்தால் பொன்னழகு எழுந்திருக்கச் சொல்லியிருப்பார். இவனிடம் ஏனோ மனம் வரவில்லை.

"அதுதாண்ணே! தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்."

குமிழ்கள் நின்ற இடத்தில் பொன்னழகு சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார். கிட்டாரோடு அந்தச் சின்ன ஆம்பிளிஃபயரையும் சோலைமுத்து வாங்கிக்கொண்டான்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க தம்பி. இதத் தனியா வாசிச்சா ஒரு பாட்டும் வராது."

"தெரியும்ணே. இது கூட்டத்தோட இருக்குற சாமான்."

"அப்பச் சரி. வர்ற தையில எம்பொண்ணு கல்யாணம். ஒங்க செட்டுதான் வந்து வாசிக்கணும். என்ன சொல்ற?"

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"வெளிக் கச்சேரிக்கு இப்ப நாங்க போறதில்லண்ணே."

"ஏன், ஒங்களுக்குள்ள சண்டையா?"

"சண்டைன்னு ஒருநாளும் வந்ததில்ல."

"பெறகு?"

"தோதுப்படலண்ணே."

பொன்னழகுக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் வாசல்வரை வந்து சாமானைத் தூக்கிவிட்டார். "போகட்டும். வீட்டுல வாசிப்பீங்கள்ல? ஒருநா நான் வாரேன், கேப்போம்."

"வாங்கண்ணே" என்றான் சோலைமுத்து. அது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

பஸ்ஸில் கிட்டாரை மேலே போட அவன் சம்மதிக்கவில்லை. சின்னாளப்பட்டி வரை மடியிலேயே வைத்திருந்தான். வீடு வந்தபோது தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்திருந்தது.

அக்கா அழகம்மாள் அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"வாங்கிட்டியா?"

"ம்."

"சாப்டுட்டு வாசியேன்."

"செத்த நேரந்தாங்க்கா."

உள்ளறையில் ஆம்பிளிஃபயரை மாட்டி, வால்வு சூடாகும்வரை காத்திருந்தான். சாக்பீஸ் கோட்டைச் சரிபார்த்தான். பிறகு சுவரை ஒட்டி உட்கார்ந்து, காலால் தாளம் போட்டு வாசிக்கத் தொடங்கினான்.

தொம்... தொம்... தொம். ஓரிடத்தில் தாழ்ந்து, ஓரிடத்தில் விரைந்து போனது. நடுநடுவே கையை எடுத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தான். கால் மட்டும் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது. மறுபடி சரியாக ஓர் இடத்தில் வந்து சேர்ந்துகொண்டான். ஒருமுறை தனக்குள் சிரிக்கவும் செய்தான்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ராக்கம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஒங்க தம்பி வாசிக்கிறத விட சும்மா இருக்குறதுதான் அதிகமா இருக்கு?"

அழகம்மாள் உள்ளறைக் கதவை மெல்லச் சாத்தினாள். "மத்த மூணு பேருக்கும் எடம் விடுறான் தாயி" என்றாள்.

சிறுமலைத் திருவிழாக் கச்சேரிக்கு அந்த மூன்று பேரையும் ஏற்றிப்போன ஜீப் மலைப்பாதையிலிருந்து பள்ளத்தில் உருண்ட அன்று, காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்துவிட்டவன் சோலைமுத்து.