பெயரில்லாப் புகார்

'என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. தண்ணீர் குடிக்கப் போனால் ரெட்டைச்சடை குழாயை மூடிவிடுகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள்.'

ஏழாம் வகுப்பு டீச்சர் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நீல மை, கோடு போட்ட தாள், கீழே பெயர் இல்லை. வரிக்கு வரி எழுத்து வலது பக்கமாகக் கலைந்து இழுபட்டிருந்தது. அழுதுகொண்டே எழுதியிருக்கிறது பிள்ளை, கண்ணைத் துடைத்த கை தாளிலும் பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த ஆண்டு புதிதாக வந்த தலைமையாசிரியை, வந்த வாரமே சுற்றறிக்கை விட்டிருந்தார். வராந்தாவில் புகார்ப் பெட்டி வைக்கப்படும், பிள்ளைகள் பெயர் போடாமலே எழுதலாம். ஒவ்வொரு புகாரையும் மூன்று நாளில் விசாரித்து, தவறு செய்தவர் பெயரோடு அறிக்கை தர வேண்டும். "இது உங்க பொறுப்பு டீச்சர்" என்று, உள்ளங்கை ஓரத்தில் ஒட்டியிருந்த பேனா மையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சாவியை நீட்டினார்.

முதல் வாரம் வந்ததெல்லாம் சில்லறைப் புகார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் ஆடுகிறது, கணக்கு சார் மணி அடித்த பிறகும் விடுவதில்லை, இப்படி. இரண்டாம் வாரம்தான் இந்தக் கடிதம்.

"ரெட்டைச்சடையா? ஸ்கூல்ல பாதிப் பொண்ணுங்க ரெட்டைச்சடைதான். யாரைன்னு பிடிப்பீங்க?" என்றார் கணக்கு சார்.

"பிடிச்சே ஆகணும் சார். எழுதின பொண்ணு மனசொடிஞ்சு ஏதாவது பண்ணிக்கிட்டா?"

தான் பாடம் எடுக்கும் மூன்று வகுப்பு நோட்டுகளையும் வீட்டுக்குச் சுமந்து போய்க் கையெழுத்தை ஒப்பிட்டாள். ஒன்றுகூட ஒத்துவரவில்லை. இன்னும் தெரியவில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தாள். தலைமையாசிரியை வாங்கி வைத்துக்கொண்டு, "தேடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாவது கடிதம். 'என் முன்பல்லைப் பார்த்து அணில் என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கூப்பிட்டது ரெட்டைச்சடைதான்.'

அணில் என்ற சொல்லை டீச்சர் இரண்டு முறை படித்தாள். எந்தப் பள்ளியில்தான் ஓர் அணில் இல்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். ஆனாலும் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மூன்றாவது கடிதம் அதற்கடுத்த வாரம் வந்தது.

'கடைசி பீரியடில் என்னைப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார்கள். உள்ளே ஒரே இருட்டு. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. ரெட்டைச்சடை வந்து திறப்பாள் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.'

படிக்கட்டுக்கு அடியில் இப்போது அறையே இல்லை. சுவர் எழுப்பி மூடி இருபது வருடம் ஆகிறது. அங்கே அறை இருந்ததே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இதே பள்ளியில், இதே ஏழாம் வகுப்பில் படித்த அவளுக்குத் தெரியும். அந்தத் தாழ்ப்பாளைப் போட்ட கை அவளுடையது.

தாழ்ப்பாள் போட்டதற்கு மறுவாரம் வகுப்பில் அணிலின் இடம் காலியாகவே கிடந்தது. "ராத்திரி வாட்ச்மேன்தான் திறந்துவிட்டாராம். பயந்து ஜுரம் வந்து செத்துப்போயிட்டாளாம்" என்று கடைசி பெஞ்சில் யாரோ கிசுகிசுத்தார்கள். பெரியவர்களிடம் கேட்க ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து இந்த முப்பது வருடமும், குளிக்கப் போனால்கூட டீச்சர் கதவைத் தாழிட்டதில்லை.

அந்தப் பெண்ணின் உண்மையான பெயர் என்ன என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவே இல்லை. அணில் என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள்.

வராந்தா முனையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பியூனிடம் ஓடினாள். "பெட்டிகிட்ட யாரு வந்தா?"

"இந்த வாரம் பிள்ளைங்க ஒருத்தரும் அந்தப் பக்கமே வரல டீச்சர். சத்தியமா சொல்றேன்."

அதன் பிறகு அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகவே அவளுக்குக் கால் வரவில்லை. செத்தவள் கேட்கிறாள், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. மூன்றாம் நாள், அறிக்கையில் ஒரே ஒரு பெயரை எழுதி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள்.

"விசாரிச்சிட்டேன் மேடம்."

"தப்பு யார் மேல?"

"என் மேலதான். நான்தான் ரெட்டைச்சடை. மணி அடிக்கறதுக்குள்ள திறந்துவிடணும்னுதான் இருந்தேன். அண்ணன் சைக்கிள்ல வந்து அவசரப்படுத்தினான், மறந்து போயிட்டேன். அந்தப் பொண்ணு செத்தே போயிட்டா மேடம். யார்கிட்ட போய் மன்னிப்புக் கேப்பேன்? என் வேலை போனாலும் பரவாயில்ல, இதை எழுதிக்கோங்க."

தலைமையாசிரியை அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து, இடது கையால் 'விசாரணை முடிந்தது' என்று எழுதினார். ஈர எழுத்தின் மேல் உள்ளங்கை உரசிக்கொண்டே நகர, நீல மை வலது பக்கமாகக் கலைந்து இழுபட்டது.

டீச்சர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைமையாசிரியை நிமிர்ந்தார்.

"நான் சாகலடி. ஸ்கூல்தான் மாறினேன்."