படப்பெட்டி விருந்து

மருமகன் ஒரு பழைய படப்பெட்டியைக் கொண்டுவந்தான். அதில் செருகும் அட்டையில் ஒரே படம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாக இருக்கும். பெட்டியின் கண்ணாடி வழியாக இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒன்றாகி, உள்ளே ஆழம் தெரியுமாம். படத்தில் இருந்தது நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு விருந்து. மேசை நிறைய இறைச்சி, சுற்றிலும் ஆட்கள். எனக்கு ஒரு கண் பழுது. அதனால் எனக்கு அது வெறும் அட்டைதான். மருமகன் கொடுக்கிற எதையும் நான் நம்புவதுமில்லை.

என் மனைவி பெட்டியை விட்டு நகரவில்லை. வீட்டுச் சாப்பாட்டைத் தொடாமலே உடம்பு பெருத்தாள். ஏப்பம் விட்டால் செத்த எலி நாற்றம். உதட்டோரம் மஞ்சள் கொழுப்பு, பல்லிடுக்கில் யாருடையதோ நரைமயிர். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன்.

“அந்தச் சனியனை இன்னைக்கு அடுப்புல போடறேன் பாரு,” என்றேன்.

“போட்டா நான் எங்க போய்ச் சாப்பிடறது? கோவிச்சுக்காதீங்க, உங்களப் பத்தியும் அந்த விருந்துல சொன்னேன். ஒத்தக் கண்ணுக்கு வழி தெரியாதே, பாவம்னு குடுத்துவிட்டாங்க.”

உள்ளங்கையை விரித்தாள். பச்சை பூத்த இறைச்சித் துண்டு, அதில் புழு நெளிந்தது. அதை என் தட்டில் வைத்தாள்.

இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.